நாலெழுத்து

எழுதினால் நாய்க்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் அந்த வார்த்தையை இங்கே எழுதுகிறேன்: அட்டாக். எங்கள் பண்ணையில் இதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அவர் மாஸ்டர். மற்ற எங்களுக்கெல்லாம் அது 'நாலெழுத்து'.

காவல் நாய்களைப் பழக்கி, கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வாடகைக்கு அனுப்புகிற பண்ணை. உட்கார், வா, நில் எல்லாமே நாய்களுக்கு இங்கிலீஷில்தான். திருட வந்தவன் 'உட்காரு' என்றதும் நாய் உட்கார்ந்துவிடக் கூடாது பாருங்கள், அதற்காக என்பார் மாஸ்டர். இங்கிலீஷ் தெரிந்த திருடன் வந்தால் என்ன செய்வது என்று சமையல்காரர் ஒருமுறை கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தவன் எதற்குச் சுவர் ஏறிக் குதிக்கப் போகிறான், அவன் முன்வாசல் வழியாகவே வந்து திருடுவான் என்று பதில் வந்தது.

என் வேலை கடி வாங்குவது. சாக்கும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்த அங்கியை மாட்டிக்கொண்டு, வலது கையில் பிரம்போடு மைதானத்தின் மறுகோடியில் நிற்பேன். மாஸ்டர் நாலெழுத்தைச் சொல்வார். நாய் வந்து என் இடது கையைக் கவ்வும். அவர் 'அவுட்' என்றால் விட்டுவிடும். அதன்பிறகு நாய்க்கு ஒரு துண்டு ரொட்டியும் முதுகில் ஒரு தட்டும். எனக்கு அடுத்த நாய். பண்ணையில் என்னை 'மெத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மெத்தை பேசக் கூடாது. வலித்தாலும் கத்தக் கூடாது. திருடனுடைய குரலுக்கு நாய் காது கொடுக்கவே கூடாது என்பதற்காக அப்படி ஒரு சட்டம். குரைக்கிற நாய் கடிக்காது என்று ஊரில் சொல்வதெல்லாம் பழமொழி. எங்களுக்கு அது ஆள் எடுக்கிற விதி. குரைக்கிற குட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார் மாஸ்டர். சத்தமே இல்லாமல் வருவதுதான் தேறும்.

நாலெழுத்தைச் சொல்லாமல் இருப்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். சமையல்காரரின் மாமனார் திடீரென்று போனபோது, வெளியில் பார்த்தவர்களிடமெல்லாம் "அட்டாக்" என்று சொல்லிக்கொண்டு வந்த மனுஷன், பண்ணைக் கேட்டுக்குள் கால் வைத்ததும் "மாரடைப்பு" என்றுதான் அழுதார். அழுகையிலும் அவருக்கு அது தப்பவில்லை.

ஏழாம் கூண்டு நாய்க்கு வயதாகி, இடது கண்ணில் பூ விழுந்தது. வாடகைக்குப் போக முடியாத நாய்க்குப் பண்ணையில் ஊசிதான். இத்தனை வருஷமும் அதிகம் என்னைக் கடித்தது அதுதான். அதன் பல்வரிசை என் கைக்கு மனப்பாடம். நான் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டபோது மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன்னைத் தின்னே வளர்ந்தது. நீயே வச்சுக்க" என்றார்.

என் வீட்டுக்காரி கதவிலேயே மறித்தாள். அதற்கு என்ன பெயர் என்றாள். பெயர் கிடையாது, ஏழு என்றேன்.

"ஏழு இல்ல. ஏழரை. வெளிய இருந்த ஏழரையைக் கயிறு கட்டி வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்திருக்கீங்க."

அப்படியே அதற்குப் பெயர் ஏழரை என்று ஆகிவிட்டது.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இங்கிலீஷில் பேசிக் காட்டும் ஒரு தேர்வில் தேற வேண்டும். அதற்காகப் பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். துணைக்குப் போன நான், வாசலில் சும்மா நிற்பானேன் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான். முதலில் தமிழ், அப்புறம் இங்கிலீஷ் எழுத்துகள். இன்னமும் வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்துத்தான் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

ஏழரை என் பேச்சை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் 'வா' என்றாலும் 'கம்' என்றாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கி இல்லாத என்னை அதற்கு யாரென்று தெரியவில்லையோ, தெரிந்துதான் மதிக்கவில்லையோ. அதனால் கட்டளைகளை வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கூச்சத்தோடு 'சிட்' என்றாள். அது உட்கார்ந்தது. 'ஸ்டே' என்றாள். அசையாமல் இருந்தது. 'அவுட்' என்று சொல்லிக்கொடுத்தபோது வாயில் இருந்த செருப்பை உடனே கீழே போட்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. தன் இங்கிலீஷைக் கேட்டு நடக்கிற ஒரே ஜீவன் இதுதான் என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒரு மாதத்தில் நாய் அவள் காலடியை விட்டு நகராது என்றாகிவிட்டது. சங்கிலியைக் கழற்றிவிட்டாள். நானும் சும்மா இருந்தேன்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு வார்த்தையை மட்டும் இது முன்னால சொல்லிடாத."

"எந்த வார்த்தை?"

"சொல்லக் கூடாத வார்த்தை."

"அது எதுன்னு சொன்னாத்தானே சொல்லாம இருக்க முடியும்?"

நாய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை. அது பண்ணை வார்த்தை, வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது என்று மட்டும் சொன்னேன்.

"கெட்ட வார்த்தையா? எங்க இல்லத்துல தாத்தாமாருங்க பேசறதைக் கேட்டா உங்க மாஸ்டர் காதைப் பொத்திக்குவாரு" என்று சிரித்துவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. எழுத்து தெரிந்தவனாக இருந்து எனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை. தவிர, அடுப்படியில் நிற்கிற ஒருத்திக்கு அந்த வார்த்தையால் என்ன வேலை என்றுதான் நினைத்தேன். மாரடைப்புச் செய்தி சொல்கிறவர்களையும் கையில் நாய் வைத்திருக்கிறவனையும் தவிர உலகத்தில் வேறு யாரும் அதைச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

அது நடந்த அன்றைக்கு மத்தியானம் பண்ணையில் கூண்டுகளுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தேன். ரொட்டியை ஒரு அச்சடித்த தாளில் சுற்றி வைத்திருந்தாள். நான் போவதை நிறுத்திய பிறகு வகுப்பில் வாரத்துக்கு ஒரு வினைச்சொல் பாடம். டீச்சர் நகல் எடுத்துக் கொடுப்பார். மை கலைந்துபோன நகல்களை வீட்டுக்காரி வீணாக்காமல் எனக்குச் சாப்பாடு கட்ட எடுத்துக்கொள்வாள். சாப்பிட்டுக்கொண்டே அதைப் படிப்பது என் பொழுதுபோக்கு. எண்ணெய்க் கறைக்கு நடுவில் விரலை வைத்தேன்.

மேலே பெரிய எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டினேன். முதலெழுத்து வந்தது. அடுத்து ஒரே எழுத்து இரண்டு முறை. எங்கள் பண்ணைச் சுவரில் வெள்ளையில் எழுதி வைத்திருக்கிற எச்சரிக்கையில் தினமும் நான் பார்க்கிற அதே உருவம். உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்னால் கூண்டுகளில் நாய்கள் இருந்தன.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்குக் கீழேயும் தமிழ் போட்டிருந்தார்கள். பகைவர்கள் நகரத்தைத் தாக்கினார்கள். சரி, அது இருக்கட்டும். துரு இரும்பை அரிக்கிறது. நோய் நுரையீரலைப் பிடித்தது. பத்திரிகைகள் அமைச்சரைச் சாடின. பசித்திருந்த பிள்ளை சாப்பாட்டை ஒரு கை பார்த்தது. வாருங்கள், வேலையில் மும்முரமாக இறங்குவோம். தமிழில் வரிக்கு ஒரு வினை இருந்தது. மேலே இங்கிலீஷில் விரலை ஓட்டிப் பார்த்தால் எல்லா வரியிலும் நாலெழுத்து ஒன்றேதான். நாங்கள் பூட்டி வைத்து, சாவியை மாஸ்டரிடம் கொடுத்து வைத்திருந்த வார்த்தை, வெளியில் சோறு தின்பதற்கும் துருப்பிடிப்பதற்கும் எல்லார் வாயிலும் புழங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் தாளின் அடியில் இருந்ததைப் படித்தேன்.

'முதலில் வினைச்சொல்லை மட்டும் தனியே, உரக்க, மூன்று முறை சொல்லவும். பிறகு எதிரில் இருப்பவரைப் பார்த்து வாக்கியங்களைச் சொல்லவும்.'

கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன்.

காலை வேலை முடிந்து வீட்டுக்காரி மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வருவாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து பாடம் சொல்லிப் பார்ப்பார்கள். ஏழரை மேசைக்கு அடியில் படுத்திருக்கும். தையல்காரம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. அது அசைந்தால்கூட இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வாள்.

நாலெழுத்தைக் கேட்ட நாய் முதலில் சொன்னவரின் முகத்தைப் பார்க்கும். அப்புறம் அந்த முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே பார்க்கும். அங்கே ஏதாவது அசைந்தால் அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் முறை அதை எதிரில் நின்று பார்த்திருக்கிறேன். எப்போதும் அங்கே நான் இருந்தேன், என்னைச் சுற்றிச் சாக்கும் தோலும் இருந்தது.

வீட்டுக்காரிக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பாடம் சொல்லும்போது தொந்தரவு என்று போனைத் துணி மூட்டைக்குள் செருகி வைப்பது அவள் வழக்கம். மறுபடி அடித்தேன். இன்னொரு முறை அடித்தபோது என் விரல் வியர்த்துப் போனின் முகத்தில் வழுக்கியது.

மாஸ்டர் ஒரு புது நாய்க்குக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். என்ன ஆச்சு என்றார்.

"என் வீட்டுக்காரி நாலெழுத்தைப் படிக்கிறா மாஸ்டர். சத்தமா."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்து விட்டிருக்கிறதா என்று கேட்டார். என் முகத்திலேயே பதிலைப் படித்துவிட்டார்.

"அதுக்கு வயசாயிடுச்சே மாஸ்டர், ஒரு கண்ணும் தெரியல" என்று நானாகவே ஒரு சமாதானம் சொன்னேன்.

"நாய்க்குத்தான் வயசாச்சு. அந்த வார்த்தைக்கு வயசாகாது. போ."

பஸ் ஊர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மனம் தன் இஷ்டத்துக்கு வக்கீலாகி வாதாடியது. இன்றைக்குத் தையல்காரம்மாவுக்குத் தைக்க நிறைய இருக்கும், வந்திருக்க மாட்டாள். வீட்டுக்காரிக்குக் குரல் எழும்பாது, டீச்சரே குறை சொல்லியிருக்கிறார். நாய் தூங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே எதிர்வாதமும் வந்தது. குரல் எழும்பவில்லை என்று டீச்சர் குறை சொன்னதிலிருந்துதான் அவள் கத்திக் கத்திப் பழகுகிறாள். நாய் ஒருபோதும் தூங்குவது இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

முன் இருக்கையில் ஒருவர் போனில் யாருக்கோ உரத்த குரலில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். "அட்டாக்காம்ப்பா. ராத்திரியே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம்."

என் இடது கை தானாக உயர்ந்து மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெண் விலகிப்போனாள். கையைக் கீழே இறக்கியபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அரைக்கைச் சட்டை. நரம்பு ஓடுகிற வெறும் கை. அங்கியைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு மாடியில். படி ஏறினால் ஒரு நடை, நடையைப் பார்த்தபடி சமையலறை ஜன்னல், அதை ஒட்டிக் கதவு. படியில் கால் வைக்கும்போதே குரல் கேட்டது. வீட்டுக்காரியின் குரல்தான். போன வாரத்து வினைச்சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினேன். ஓடினால் நாய் எழுந்துவிடும் என்று நடையில் மெதுவாக நடந்தேன்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. மேசையில் தாள். இந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி வீட்டுக்காரி. அந்தப் பக்கம் தையல்காரம்மா. அவள் காலுக்குக் கொஞ்சம் தள்ளி ஏழரை, முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. சங்கிலி ஆணியில் சும்மா தொங்கியது.

வீட்டுக்காரி புதுத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டினாள். அப்புறம் மெல்ல, சந்தேகத்தோடு, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

நாய் தாடையைத் தூக்கியது.

"அக்கா, சத்தமா சொல்லுங்க. டீச்சர் என்ன சொன்னாங்க? பயந்து பயந்து பேசினா யாரும் வேலை குடுக்க மாட்டாங்க" என்றாள் தையல்காரம்மா.

"வேண்டாம்!" என்று நான் கத்தினேன். கத்தினதாகத்தான் நினைக்கிறேன். அந்த நாய் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தே பழகிய தொண்டை. காற்றுத்தான் வந்தது போலிருக்கிறது. வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்து, தையல்காரம்மாவை நேராகப் பார்த்து, தேர்வு வைக்கிறவருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அட்டாக்."

ஏழரை எழுந்துவிட்டது. குரைக்கவில்லை. உறுமவில்லை. அவள் முகத்தைப் பார்த்தது. அவள் பார்வை போகிற திக்கில் திரும்பியது. தையல்காரம்மா வழக்கம்போல இரண்டு காலையும் வெடுக்கென்று நாற்காலிமேல் இழுத்துக்கொண்டாள். நாயின் பின்னங்கால்கள் தாழ்ந்தன.

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த துடைப்பம் கைக்கு வந்தது. அதை வலது கையில் ஓங்கினேன். தரையைக் காலால் ஓங்கி மிதித்தேன். பக்கவாட்டில் திரும்பி, இடது கையை மார்புக்குக் குறுக்கே உயர்த்தினேன். பண்ணையில் தினமும் நான் நிற்கிற நிலை அது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நாய் என்னைப் பார்த்தது. ஒரு மாதமாக என் வீட்டில் என் சாப்பாட்டைத் தின்றுகொண்டு என்னைக் கண்டும் காணாததுபோல இருந்த நாய், அப்போதுதான் என்னை யாரென்று அடையாளம் தெரிந்துகொண்டது. அந்த நல்ல கண்ணில் அதைக் கண்டேன்.

அது வந்தது. கவ்வியது.

இத்தனை வருஷம் சாக்குக்கு அடியில் இருந்து கேட்ட சத்தத்தை முதல்முறையாக நேராகக் கேட்டேன். இழுத்தால் கிழியும். உள்ளே கொடுத்தால் ஓட்டையோடு போகும். மனப்பாடம்தான், ஆனாலும் கை இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் வாய்க்குள் கையைத் தள்ளிக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்தேன். நான் என்ன சொன்னாலும் அது விடாது. நான் திருடன்.

தையல்காரம்மா மேசைமேல் ஏறிவிட்டாள். வீட்டுக்காரி எழுந்து நின்றுகொண்டு "விடு, விடு, விட்டுடு" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் காதுகூட அசையவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சொல் என்று வாயை அசைத்தேன். சத்தம் வரவில்லை. அவளுக்குப் புரிந்தது. அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. காற்று வந்தது. அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் எந்த மனுஷ முகத்திலும் பார்த்ததில்லை. அது நாயைப் பார்த்து வந்த பயம் இல்லை. வாயைத் திறந்தால் இன்னும் என்ன வருமோ என்கிற பயம்.

"அவுட்" என்றாள் கடைசியில். மெதுவாக. நாய் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. பிடியைத் தளர்த்தவில்லை.

"அக்கா, சத்தமா" என்றாள் மேசைமேல் இருந்த தையல்காரம்மா, அழுதுகொண்டே.

"அவுட்!"

தட்டுகள் அதிர்ந்ததுபோல் இருந்தது. வாய் திறந்தது. கை என்னிடம் திரும்பி வந்தது. ஏழரை பின்னால் நகர்ந்து, வீட்டுக்காரியின் முன்னால் போய் நேராக உட்கார்ந்து, நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தது. வாலைத் தரையில் மெல்லத் தட்டியது. வாய் ஓரத்தில் சிவப்பாக இருந்தது.

"என்ன பண்ணுது? ஏன் என்னையே பார்க்குது?"

"ரொட்டி" என்றேன். எனக்குக் குரல் வந்துவிட்டது. "ஒரு துண்டு குடு. முதுகுல ஒரு தட்டுத் தட்டு. அதுக்கு அப்புறம்தான் அது முடிஞ்சதுன்னு நினைக்கும்."

அவள் அழுதபடி கொடுத்தாள். முதுகில் தட்டினாள். அது ரொட்டியைத் தின்றுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சங்கிலியை நான்தான் ஒரு கையால் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தெருநாயா வீட்டு நாயா என்று கேட்டார்கள். வீட்டு நாய் என்றேன். சீண்டினீர்களா என்று கேட்டார்கள். இல்லை, சொல்லித்தான் கடித்தது என்றேன். ஊசி போட்ட பெண் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதியைச் சொன்னாள். தையல்காரம்மா தெருவில் சொன்ன கதை வேறு. அண்ணன் நாயைத் துடைப்பத்தாலேயே தூக்கி எறிந்தார் என்று பரவியிருந்தது. நான் மறுக்கவில்லை.

மாஸ்டர் மறுநாள் வந்து கட்டைப் பார்த்தார். நாயைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஊசிதான், யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தோலில் செய்த ஒரு வாய்ப்பூட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முடிவை நான் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டேன். கொண்டுபோய்விடு என்று சொல்வாள் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து என் கைக்கட்டை மாற்றும்போது சொன்னாள்.

"ஊர்ல எவ்வளவோ கெட்ட வார்த்தை இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு டீச்சர் குடுக்கிற வார்த்தையைப் போய்ப் பூட்டி வச்சிருக்கீங்களே."

கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

"அது என்ன தப்புப் பண்ணுச்சு? சொன்னேன், செஞ்சுது. விடுன்னேன், விட்டுச்சு. எனக்குப் பயம் அது மேல இல்ல."

"பின்ன?"

"என் வாய் மேல."

ஏழரை இப்போதும் எங்களோடுதான் இருக்கிறது. சாப்பிடும்போது தவிர மற்ற நேரம் வாய்ப்பூட்டு, சங்கிலி. வீட்டுக்குள் இங்கிலீஷ் கிடையாது. 'சிட்' கூட இல்லை, கையைக் காட்டுகிறாள், அது உட்காருகிறது. தேர்வு நெருங்குகிறது. மத்தியானம் ஆனால் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்களும் தெருமுனை பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறாள். எந்த வினைச்சொல்லை எடுத்தாலும், சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு நொடி நிறுத்திச் சுற்றிலும் பார்க்கிறாளாம். டீச்சருக்கு அது பிடிக்கவில்லையாம். தடையில்லாமல் பேச வேண்டும் என்கிறாராம்.

கை ஆறும்வரை பண்ணைக்கு வர வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டதால், அந்த நேரத்தில் நானும் நாயும் மட்டும் வீட்டில் இருக்கிறோம். அது மேசைக்கு அடியில், நான் ஜன்னலோரம். சில நாள் காற்று இந்தப் பக்கம் அடிக்கும். அப்போது தெருமுனையிலிருந்து அவள் குரல் மட்டும் வரும், என்ன வார்த்தை என்று பிடிபடாது. நாய் ஒரு காதைத் தூக்கிக் கேட்கும். எனக்கும் இடது கை மெல்ல எழும்பும். அதை வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, காற்று திரும்பும்வரை நாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.